ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு பசி எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது?

கேள்வி: எனக்கு 38 வயது. உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ. 5 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். டயட்டில் இரண்டு முறை 12 கிலோ வரை குறைத்தேன். பசி தாங்க முடியாமல் விட்டதும் குறைந்ததைவிட அதிகமாக ஏறிவிட்டது. இப்போது டாக்டர், எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார். அதைச் செய்தால் பசியே இருக்காது என்கிறார்கள். ஆனால் 2 வருடத்துக்கு முன் இதே ஆபரேஷன் செய்துகொண்ட என் நாத்தனார், மறுபடி பசிக்கிறது என்கிறார். குறைந்த எடையில் 5 கிலோ ஏறியும் விட்டது. வயிற்றையே வெட்டி எடுத்த பிறகு பசி எப்படி வரும்? நான் நம்பிச் செய்துகொள்ளலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: பசி போகும். முதல் சில மாதங்கள் அனேகமாக முழுதாகவே போய்விடும். அரை வருடத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் மெல்லத் திரும்பும். திரும்பும் பசி இப்போது உங்களைப் படுத்தும் பசியைவிடப் பெரும்பாலோருக்கு அடக்கமாக இருக்கும், கொஞ்சம் சாப்பிட்டாலே அடங்கும். நாத்தனாருக்குப் பசிப்பதை வைத்து ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

டயட்டில் நீங்கள் தோற்றதற்கு மனவுறுதிக் குறைவைக் காரணம் சொல்பவர்களை நம்பாதீர்கள். எடை குறையும்போது உடல் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. கொழுப்பு குறையக் குறைய, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைகிறது. இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் கூடுகிறது. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை, பசியும் தணியவில்லை. உங்கள் உடல் இரண்டு முறை செய்ததும் இதைத்தான்.

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய்; 100 முதல் 150 மி.லி. பிடிக்கும். வயிறு சிறிதாவதால் பசி குறைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. இரைப்பையின் மேல்பக்கம் உப்பலாக இருக்கும் ஃபண்டஸ் என்ற பகுதியில்தான் கிரெலின் மிகுதியாகச் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுவதால் ரத்தத்தில் கிரெலின் சட்டென இறங்குகிறது. அதோடு, மிஞ்சிய இரைப்பைக் குழாய்க்குள் உணவு தங்காமல் சிறுகுடலுக்கு வேகமாக இறங்குவதால் குடலிலிருந்து ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். என்ற நிறைவு ஹார்மோன்கள் முன்பைவிடப் பல மடங்கு சுரக்கின்றன. எடை குறைக்கப் போடும் செமாகுளுடைட் ஊசி நடிப்பதும் இந்த ஜி.எல்.பி.-1 போலத்தான். நாலு வாய்க்குள் 'போதும்' என்ற உணர்வு வருவதற்கும், சர்க்கரை அளவு எடை குறைவதற்கு முன்பே இறங்குவதற்கும் இதுவே பெரிய காரணம். இரைப்பைக்கு வார் கட்டும் பேண்ட் முறையில் இந்த ஹார்மோன் மாற்றம் பெரிதாக நடப்பதில்லை. அந்த முறை வழக்கொழிந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எடை குறைப்புக்கான இன்னொரு ஆபரேஷன் இரைப்பை பைபாஸ். அதைச் செய்தால் ஃபண்டஸ் உள்ளேயே இருக்கும், 30 மி.லி. அளவுக்கு ஒரு சிறு பையை மட்டும் பிரித்து நேரே குடலோடு இணைப்பார்கள். அதில் ஜி.எல்.பி.-1 ஏற்றம் ஸ்லீவைவிட அதிகம். இரண்டில் எது என்பதைப் பசியை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. உங்களுக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் நெடுநாளாக இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம். ஆபரேஷனுக்கு முன் எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கச் சொல்லுங்கள். உணவுக்குழாயில் புண் இருந்தால் பைபாஸ் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) ஏறத்தாழ 42, கூடவே சர்க்கரை நோய். ஆபரேஷன் தேவையா என்ற கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது.

நாள்வாரியாகப் பசி

உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது ஆபரேஷனுக்கு முந்தைய 1 முதல் 2 வாரம். கல்லீரலைச் சுருக்குவதற்காக ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி உணவு மட்டும் தருவார்கள். கல்லீரலில் கொழுப்பு தேங்கிப் பெருத்திருந்தால் அது இரைப்பையை மறைத்து, ஆபரேஷனைச் சிரமமாக்கும். முதல் 3 நாள் பசி நன்றாகத் தெரியும், பிறகு குறையும். அந்த நாட்களிலேயே கிளிமிபிரைடைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும்; உங்கள் மருத்துவரைக் கேட்காமல் பழைய அளவில் தொடராதீர்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் பசி காணாமல் போகும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பசி இல்லை என்பதால் சாப்பிடாமலே இருந்துவிடுகிறார்கள். காலையில் அரை டம்ளர் காபி, மதியம் நாலு ஸ்பூன் ரசம், இரவு ஒன்றும் இல்லை. எடை மளமளவென்று இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். இறங்குவதில் கணிசமான பங்கு தசை. 3 முதல் 6 மாதத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள். வேகமான எடைக் குறைவால் ஓரளவு முடி பலருக்கும் கொட்டும், மீண்டும் வளரும். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் கொட்டுவது நிற்காது. எனவே முதல் 6 மாதம் பசியைக் கேட்டுச் சாப்பிடாதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். போனில் ஒரு நாளைக்கு 5 அலாரம் வையுங்கள்.

முதல் 2 வாரம் நீராகாரம்: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், காரமில்லாத ரசம், பாலில் கரைத்த வே புரோட்டீன் பவுடர். 3, 4ஆம் வாரங்களில் மசித்தது: பச்சைப்பயறு கடைசல், கெட்டித் தயிர், குழைய மசித்த முட்டை. 5, 6ஆம் வாரங்களில் மென்மையானது: முள் நீக்கிய வேகவைத்த மீன், பனீர், சாம்பாரில் ஊறிய இட்லி. அதன் பிறகு வழக்கமான சாப்பாட்டுக்கு மெதுவாக வரலாம். சோறு, சப்பாத்தி, பிரெட் மூன்றையும் கடைசியாக எடுங்கள். மென்றதும் மாவாகத் திரண்டு குழாய்க்குள் அடைத்துக்கொள்பவை இவைதான். உங்கள் மருத்துவமனை தரும் அட்டவணையில் ஓரிரு வாரம் முன்பின் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒரு நாளைக்குப் புரதம் 60 முதல் 80 கிராம். 200 மி.லி. பாலில் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் கலந்தால் சுமார் 30 கிராம் வந்துவிடும். 2 முட்டை 12, 100 கிராம் மீன் 20, மொத்தம் 62. சைவம் என்றால் மீனுக்கும் முட்டைக்கும் பதில் 100 கிராம் பனீரில் 18, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 8, கொஞ்சம் சுண்டலும் தயிரும் சேர்ந்து 7 கிராம். முதல் மாதம் ஒரு வேளைக்கு 60 முதல் 100 மி.லி.க்கு மேல் இறங்காது என்பதால் புரோட்டீன் பவுடர் இல்லாமல் இந்தக் கணக்கை எட்டுவது மிகக் கடினம்.

தண்ணீர் ஒன்றரை லிட்டர், வாய்க்கு 15 முதல் 30 மி.லி. வீதம் நாள் முழுக்க. சாப்பாட்டோடு வேண்டாம், சாப்பிட்டு 30 நிமிடம் கழித்துக் குடியுங்கள். தண்ணீர் உணவைக் கரைத்துக் கீழே தள்ளிவிட்டால் நிறைவு சீக்கிரம் கலைந்து, ஒரு மணி நேரத்தில் மறுபடி சாப்பிடத் தோன்றும்.

நிறைவின் அடையாளமும் மாறியிருக்கும். வயிறு முட்டும் பழைய உணர்வுக்காகக் காத்திருந்தால் வாந்தியில்தான் முடியும். திடீர் விக்கல், தும்மல், மூக்கில் நீர் ஒழுகுவது, நெஞ்சுக்கு நடுவே லேசான அழுத்தம்: இவற்றில் ஒன்று தெரிந்ததும் கரண்டியை வைத்துவிடுங்கள். தட்டில் இருப்பதை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது பெரிய சிரமம். அதனால் தட்டிலேயே குறைவாக வையுங்கள். ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாந்தியைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 'ஆபரேஷன் செய்தால் வாந்தி வரத்தான் செய்யும்' என்று வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தொடர் வாந்தியில் வைட்டமின் பி1, அதாவது தயமின், சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். கண்ணுக்கு இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது அதன் அறிகுறிகள். தாமதித்தால் மூளையில் நிரந்தர பாதிப்பு ஏற்படும். பக்கத்து கிளினிக்கில் தெம்புக்கென்று குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். தயமின் ஊசி முதலில், அல்லது அதோடு சேர்த்துப் போட வேண்டும். இதை வீட்டில் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீராகாரம்கூட 24 மணி நேரம் தங்கவில்லை என்றால் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போங்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, நாடித்துடிப்பு 120க்கு மேல், இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தையல் கசிவாக இருக்கலாம்.

பசி போல வருபவை

ஆபரேஷனுக்குப் பின் 'பசிக்கிறது' என்று சொல்பவர்களில் பலருக்கு வேறு ஏதோ நடந்துகொண்டிருக்கும்.

மேல்வயிற்றில் எரிவதும் பிறாண்டுவதுமாக இருந்து, எதையாவது சாப்பிட்டதும் அடங்கி, சற்று நேரத்தில் திரும்பினால் அமிலமாக இருக்கலாம். முதல் சில மாதங்களுக்குத் தரப்படும் பான்டோபிரசோல் போன்ற மாத்திரையைத் தாமாகவே நிறுத்தியவர்களுக்கு இது அதிகம். வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எடுக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அவை இணைப்பில் புண்ணை உண்டாக்கும்.

திடீரென வேர்த்து, கை நடுங்கி, உடனே எதையாவது தின்னாவிட்டால் முடியாது என்ற வெறியோடு வரும் பசி, சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளம். உங்கள் விஷயத்தில் இதற்குத்தான் முதல் கவனம் தேவை. ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கும்; பழைய அளவு கிளிமிபிரைடு அதை 70க்குக் கீழே இழுத்துவிடும். குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழ் என்றால் 3 டீஸ்பூன் குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிறகு கொஞ்சம் புரத உணவு. மெட்ஃபார்மின் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். எனப்படும் மெதுவாகக் கரையும் வகை என்றால் பொடித்து விழுங்கக் கூடாது. சாதாரண வகைக்கு மாற்றித் தரக் கேளுங்கள். மாத்திரை எதுவும் எடுக்காதவர்களுக்கும், குறிப்பாக பைபாஸ் செய்து ஒரு வருடம் தாண்டியவர்களுக்கு, இனிப்போ வெள்ளைச் சோறோ சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் இதே தாழ்வு வரலாம். தடுக்கும் வழி மாவுச்சத்தைக் குறைத்து, புரதத்தை முதலில் சாப்பிடுவது.

மிச்சமிருப்பது வாய்ப் பசி. இதற்கு ஆபரேஷனில் மருந்து இல்லை. வயிற்றுப் பசியா வாய்ப் பசியா என்று தெரிய ஒரு சோதனை: ஒரு கிண்ணம் பச்சைப்பயறு கடைசலை எதிரே வைத்தால் சாப்பிடத் தோன்றுகிறதா? தோன்றினால் வயிற்றுப் பசி, சாப்பிடுங்கள். 'அது வேண்டாம், மிக்சர் இருந்தால் தேவலை' என்றால் வாய்தான் நமநமக்கிறது. முதலில் தண்ணீர் குடித்துப் பாருங்கள்; தாகம் பசியாகத் தெரிவது சகஜம்.

நாத்தனார் விஷயம்

எடை பொதுவாக ஒன்றிலிருந்து 2 வருடத்துக்குள் அடிமட்டத்தைத் தொடும். அதன் பிறகு சில கிலோ ஏறுவது வழக்கம்தான். உங்களுக்கு ஸ்லீவில் மொத்த எடையில் சுமார் 25 சதவீதம் குறைந்து, 78 கிலோ அளவுக்கு வருவது நியாயமான எதிர்பார்ப்பு. அவருக்குப் பசி திரும்பியதற்குக் காரணங்கள் உண்டு: குழாய் காலப்போக்கில் சற்று விரிகிறது, லெப்டின் குறைந்திருக்கிறது, உடலும் இழந்த எடையைத் திரும்பக் கேட்கிறது.

5 கிலோவோடு நிற்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏறுகிறது என்றால் என்ன சாப்பிடுகிறார் என்று 3 நாள் எழுதச் சொல்லுங்கள். முறுக்கு, மிக்சர், டீயில் தோய்த்த பிஸ்கட், ஐஸ்கிரீம் போன்றவை ஸ்லீவ் குழாயில் நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும். எவ்வளவு தின்றாலும் நிறைவு வராது. 100 கிராம் மீனையோ சுண்டலையோ இப்படிக் கொறித்துக்கொண்டே இருக்க முடியாது, அது தங்கி நிறைக்கும். உணவில் தவறில்லை என்றால் அவர் எடுக்கும் மருந்துகளைப் பார்க்க வேண்டும்: ஸ்டீராய்டு, இன்சுலின், மிர்டாசபின், ஓலன்சபின் போன்றவை பசியைக் கிளப்பும். தைராய்டையும் பார்க்க வேண்டும். எல்லாம் பார்த்த பிறகும் ஏறினால் செமாகுளுடைட் அல்லது டிர்செபடைட் ஊசியை மருத்துவர் சேர்க்கலாம். இரண்டாவது ஆபரேஷன் அதற்கும் பிறகுதான்.

உங்களுக்கோ, பசி அடங்கியிருக்கும் அந்த ஒரு வருடம்தான் மெதுவாகச் சாப்பிடவும், புரதத்தை முதலில் எடுக்கவும், தினம் நடக்கவும் பழகிக்கொள்ள எளிதான காலம். பசி திரும்பிய பிறகு தொடங்கினால் கடினம். வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். கால்சியத்துக்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையே 2 மணி நேர இடைவெளி விடுங்கள். கர்ப்பத்தை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடுங்கள்.

ரத்தப் பரிசோதனை 3, 6, 12ஆம் மாதங்களில், பிறகு வருடம் ஒருமுறை: ஹீமோகுளோபின், ஃபெரிடின், பி12, வைட்டமின் டி, கால்சியம், ஆல்புமின், எச்.பி.ஏ.1.சி. நாத்தனார் கடைசியாக இவற்றைப் பார்த்து ஒரு வருடம் தாண்டியிருந்தால், உங்கள் அடுத்த சந்திப்பன்றே அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.