மமியா ஆர்பி67-க்கு இரண்டாவது லென்ஸாக 65 வாங்குவதா, 180 வாங்குவதா?

கேள்வி கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறார். கையில் மமியா ஆர்பி67 புரோ எஸ் என்ற பெரிய ஃபிலிம் கமராவும் அதோடு வந்த 127 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. இன்னும் ஒன்றே ஒன்று வாங்கத்தான் காசு காணுமாம். குளம், வயல், ஊர்ச்சனம் எல்லாம் எடுக்க ஆசையாம். அகல லென்ஸான 65 மி.மீ. நல்லதா, நெடிய லென்ஸான 180 மி.மீ. நல்லதா என்பதுதான் கேள்வி.

180 வாங்குங்கள். மிஞ்சுகிற காசில் நம்பர் 1 எக்ஸ்டென்ஷன் ரியூப் (கிட்ட எடுக்க, லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் போடும் குழாய்) ஒன்றையும் தேடி எடுங்கள். நானும் இதே கமராவோடுதான் வன்னிக்குள் திரிகிறேன் என்பதால் ஊரோடு சேர்த்தே காரணம் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஆர்பியின் சட்டம், அதாவது ஃபிலிமில் விழும் படத்தின் அளவு, ஏறக்குறைய 56க்கு 70 மி.மீ. 35 மி.மீ. கமராவில் பழகியவர்கள் லென்ஸின் எண்ணைப் பாதியாக்கிப் பார்த்தால் போதும். உங்கள் 127 அங்கே 60 மாதிரி, 65 என்பது 32 மாதிரி, 180 என்பது 90க்குக் கிட்ட.

இயற்கைக் காட்சி என்றால் அகல லென்ஸ் என்று எல்லாரும் சொல்வார்கள். மலை உள்ள ஊர்களுக்கு அது சரி. வன்னி தட்டை நிலம். இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்று 65ஐப் போட்டுப் பாருங்கள். மேலே பாதி வானம், கீழே பாதி தண்ணீர், நடுவில் நூல் மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடுதான் நீங்கள் எடுக்க வந்த அக்கரை மரங்கள். காலபோக (மழைக்கால நெல்) வயலும் அப்படித்தான், பச்சையும் நீலமுமாக ஒரு கொடி போல வரும். முன்னுக்கு ஒரு தோணியோ பட்டமரமோ இருந்தால் 65 வேலை செய்யும். ஒவ்வொரு தடவையும் தோணிக்கு எங்கே போவது?

180 போட்டால் அதே இடத்தில் அக்கரை மரவரிசை கிட்ட வரும். நடுத்தண்ணியில் வலை இழுக்கிறவர் மரங்களுக்கு முன்னால் வந்து நிற்பார், கொம்பில் சிறகு விரித்துக் காய்கிற நீர்க்காகமும் நீர்க்காகமாகவே தெரியும். முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தை ஒரு தொங்கலில் நின்று எடுத்தால் பாலத்தின் நீளம் முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரும், சைக்கிளில் வருகிற ஆள் அந்த அடுக்குக்குள் நிற்பார். தட்டை நிலத்தில் ஆழத்தைக் காட்ட நெடிய லென்ஸ்தான் உதவும் என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்களும் இருக்கிறார்கள். (பாலத்தடியில் கமரா தூக்குவதற்கு முன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்ளுங்கள். படை முகாம் பக்கம் லென்ஸைத் திருப்பி வீண் விசாரணைக்கு ஆளாக வேண்டாம்.)

இனி ஆட்கள். ஒருவரை இடுப்புக்கு மேலே நெடுஞ்சட்டத்தில் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 65 என்றால் ஒரு மீற்றரில் நிற்க வேண்டும், 127 என்றால் இரண்டு மீற்றர், 180 என்றால் கிட்டத்தட்ட மூன்று. படத்துக்குள் வருகிற அளவு மூன்றிலும் ஒன்றுதான், முகம் மட்டும் ஒன்றல்ல. ஒரு மீற்றரில் மூக்கு முன்னுக்கு வரும், காது பின்னுக்குப் போகும். அதைவிடப் பெரிய விஷயம், இந்தப் பெரிய பெட்டியோடு ஒரு அம்மாவின் முகத்துக்கு ஒரு மீற்றரில் போய் நிற்பது. வன்னிச் சனத்தை எடுக்காத ஆள் இல்லை. நிறுவனக்காரர், பேப்பர்காரர், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், படம் கையில் கிடைத்தவர்கள் கொஞ்சப்பேர்தான். கமராவைக் கண்டவுடன் “எந்த என்ஜிஓ தம்பி?” என்றுதான் கேட்பார்கள். மூன்று மீற்றர் என்பது படலைக்கும் முற்றத்துக் கதிரைக்கும் இடையில் நின்று கதைக்கிற தூரம். அதில் அவர்களுக்கும் மூச்சு விட இடமிருக்கும். ஆர்பியின் இடுப்பு மட்டக் கண்ணாடியைக் குனிந்துதானே பார்க்கிறோம், அதுவும் நல்லது. முறைத்துப் பார்க்கிற மாதிரித் தெரியாது. கமராவைச் சரிக்காமல் ஃபிலிம் இருக்கும் பின்பெட்டியை மட்டும் சுழற்றி நெடுஞ்சட்டம் ஆக்கலாம் என்பதால் நிற்கிறவரை எடுக்க ட்ரைபொட்டோடு மல்லுக்கட்டவும் தேவையில்லை.

முகம் மட்டும் வேண்டுமென்றால் பெலோஸை (லென்ஸை முன்னுக்குத் தள்ளும் மடிப்புத் துருத்தி) முழுக்க நீட்டுங்கள். 180 ஏறக்குறைய 1.1 மீற்றர் வரை கிட்ட வரும், அந்த இடத்தில் சட்டம் ஒரு முகத்தால் நிரம்பிவிடும். ஃபோகஸ் செய்கிற பெலோஸ் லென்ஸில் இல்லாமல் கமரா உடம்பிலேயே இருப்பதால் வருகிற சுகம் இது.

180க்கு இடம் கொடுக்காத இடம் வீட்டுக்குள். வீட்டுத்திட்ட வீடுகளின் அறை பத்தடிக்குப் பத்தடி வரும். பத்தடி என்றால் மூன்று மீற்றர், அதற்குள் நீங்களும் நிற்க வேண்டும், கமராவும் நிற்க வேண்டும், எதிரே ஆளும் இருக்க வேண்டும். அங்கே 127 கூட நெருக்கும். நீங்கள் எடுக்கப்போவது முக்கால்வாசி வீட்டுக்குள்தான் என்றால் என் பதில் மாறும். அப்போதும் 65 சொல்ல மாட்டேன், 90 சொல்வேன். 90இல் மூலையில் நிற்கிறவரின் தலை இழுபடாது, எஃப் 3.8 என்பதால் யன்னல் வெளிச்சத்திலும் அரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) மிச்சம் கிடைக்கும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முற்றத்து ஆள் மாதிரித்தான் தெரிகிறது.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 180ஐ வாங்கிய பலரும் பின்புலம் மங்கவில்லை என்று குறைப்படுவது இதனால்தான். ஆர்பி லென்ஸ்களின் அதிவேக ஷட்டர் 1/400 வரைதான். பங்குனிச் சித்திரை மத்தியான வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டால் 1/400இல் எஃப் 16 தான் வரும். எஃப் 5.6க்குத் திறக்க வேண்டுமென்றால் மூன்று ஸ்டொப் அதிகம், அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி8 ஃபில்டர் வேண்டும். மலிவான வழி ஒன்று இருக்கிறது. ஐஎஸ்ஓ 100 கறுப்பு வெள்ளை ஃபிலிமைப் போட்டு, மஞ்சள் ஃபில்டரைத் திருகுங்கள். ஃபிலிமால் இரண்டு ஸ்டொப், மஞ்சளால் ஏறக்குறைய ஒன்று. எஃப் 5.6 கிடைத்துவிடும், வெளுத்த வானமும் கொஞ்சம் நிறம் பிடிக்கும். 127க்கும் 180க்கும் ஃபில்டர் அளவு ஒன்றே, 77 மி.மீ. ஒரு செட் வாங்கினால் போதும்.

மூன்று மீற்றரில் எஃப் 5.6இல் 180 தருகிற கூர்மை அரை அடிக்குள்தான். கண்ணுக்குப் பிடித்தால் காதுத்தோடு மங்கத் தொடங்கும். ஆகவே பூதக்கண்ணாடியை இறக்கிக் கண்ணிமையில் ஃபோகஸ் பிடியுங்கள். கையில் பிடித்து எடுப்பதானால் 1/250க்குக் கீழே போகாதீர்கள், இந்தக் கமராவின் கண்ணாடி எழும்பும் அடி சின்ன அடி இல்லை.

லென்ஸுக்குள் ஷட்டர் இருப்பதன் லாபம், 1/400 வரை எந்த வேகத்திலும் பிளாஷ் ஒத்து வரும். தொப்பியோ சேலைத் தலைப்போ போட்ட முகத்தில் மத்தியான நிழல் விழுந்தால் ஒரு சின்ன பிளாஷ் காணும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவை எடுக்கத்தான் வாங்குகிறேன் என்றால் மட்டும், எஃப் 4.5 லென்ஸ் இரண்டுமே உதவாது. அதற்கு வேறு கமரா கொண்டு போங்கள்.

சரி, ரியூப் ஏன்? ஃபிலிம் கமராவோடு திரிகிறீர்கள் என்று தெரிந்தால் ஊரில் யாராவது ஒருவர் பழைய படம் ஒன்றைக் கொண்டு வந்து “இதைத் திருப்பி எடுத்துத் தர ஏலுமோ” என்று கேட்பார். 2009 இறுதிப் போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது அல்பங்கள் பங்கருக்குள்ளும் றோட்டோரமும் போய்விட்டன. பல வீடுகளில் மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சின்னப் படம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் தாய்மார் பிடித்திருக்கும் படங்களைக் கவனித்தால் விளங்கும், பலவும் இப்படிச் சின்னதிலிருந்து பெருப்பித்தவைதான். போனில் எடுத்துப் பெருப்பித்தால் முகம் கட்டம் கட்டமாகப் போய்விடுகிறது.

உங்கள் 127ஐ மட்டும் வைத்து 46 மி.மீ. பெலோஸையும் முழுக்க நீட்டினால் 19க்கு 15 சென்ரிமீற்றர் பரப்பு சட்டத்தை நிரப்பும். அல்பப் படத்துக்கு அது போதும், பாஸ்போட் படத்துக்குப் போதாது. நம்பர் 1 ரியூப் 45 மி.மீ. அதைச் சேர்த்தால் பரப்பு ஏறக்குறைய பத்துக்கு எட்டு சென்ரிமீற்றராகச் சுருங்கும். அப்போது பாஸ்போட் படம் நெகட்டிவில் 32க்கு 25 மி.மீ. அளவில் விழும். 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு முழுச் சட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போடலாம். தனியாக 140 மக்ரோ லென்ஸ் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

இரண்டு விஷயம் மட்டும் கவனம். பெலோஸும் ரியூப்பும் நீள நீள ஃபிலிமுக்குப் போகிற வெளிச்சம் குறையும். நான் சொன்ன அளவில் ஒன்றரை ஸ்டொப் கூட்டிக் கொடுக்க வேண்டும், லைட்மீற்றர் காட்டுவதை அப்படியே வைத்தால் முகம் இருண்டு வரும். மற்றது, லமினேட் பண்ணின படம் பளபளக்கும். விளக்கு இரண்டை இரு பக்கமும் 45 பாகையில் வையுங்கள், கமராவை நேர் மேலே நிறுத்துங்கள், வெள்ளைச் சேட் போடாதீர்கள். உங்கள் சேட்டே படத்தில் தெரியும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பெயர். ஆர்பி லென்ஸா, ஆர்இசட் லென்ஸா? ஆர்இசட்67 என்பது 1982இல் வந்த அடுத்த கமரா, அதன் லென்ஸ்களில் ஷட்டர் மின்சாரத்தில் ஓடும். ஆர்பி லென்ஸ் ஆர்இசட்டில் வேலை செய்யும், ஆர்இசட் லென்ஸ் ஆர்பியில் வேலை செய்யாது. விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே வரியில் போட்டு விற்பார்கள். பேரில் “செகோர் சி” என்று இருந்தால் பூச்சு நல்ல காலத்து லென்ஸ், அது போதும். கேஎல் என்று வருகிறவை பிந்தியவை, விலை கூட. அவற்றில் சில, பிறகு வந்த புரோ எஸ்டி உடம்புக்கு மட்டும்தான் பொருந்தும், உங்கள் புரோ எஸ்ஸில் ஏறாது.

பிறகு ஷட்டர். விற்கிறவரிடம் பின்பெட்டி இல்லாமல் ஒரு செக்கன்ட், 1/8, 1/60 மூன்றிலும் அடித்து, பின்னாலிருந்து போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 240 சட்ட வீடியோவில் 1/60 என்றால் நான்கு சட்டம் திறந்திருக்க வேண்டும். ஒரு செக்கன்டில் அடித்து மூடாமல் இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே எண்ணெய் இறுகிவிட்டது, சேவிஸ் காசையும் கூட்டிப் பாருங்கள். ரோச் லைற்றைப் பின்பக்கமிருந்து அடித்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். சிலந்தி நூல் மாதிரித் தெரிந்தால் பூஞ்சணம். தூசியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எங்கள் கிரவல் றோட்டில் ஒரு கிழமை போனால் அதைவிடக் கூட உங்களுடையதில் இருக்கும்.

இரண்டாவது லென்ஸ் என்பது பெரும்பாலும் பெட்டிக்குள் கிடக்கிற லென்ஸ். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழைக்கால ஈரத்தில் தோல் உறைக்குள் கிடந்தால் பூஞ்சணம் நிச்சயம். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இறுக மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இடைக்கிடை எல்லா வேகத்திலும் அடித்து வையுங்கள், ஷட்டரும் இறுகாது. லென்ஸ் மாற்றும்போது முதலில் பக்கத்துப் பிடியை அமத்தி கொக் பண்ணுங்கள் (ஷட்டரை அடிக்கத் தயாராக ஏற்றுவது). அப்போதுதான் கண்ணாடி இறங்கி ஃபிலிமை மறைக்கும், ரோலின் நடுவிலும் பயமில்லாமல் மாற்றலாம். கொக் பண்ணாமல் மாற்றப் போனால் சிக்கிக்கொள்ளும்.

180 வந்த பிறகு 127ஐ விற்கச் சொல்லிச் சிலர் சொல்வார்கள், 90ஐயும் 180ஐயும் வைத்திருப்பதுதான் வழக்கமான சோடி என்று. விற்காதீர்கள். பழைய படம் திருப்பி எடுக்க 90இல் ரியூப் போட்டால் லென்ஸ் படத்துக்கு மிகக் கிட்டப் போய், விளக்கு வைக்க இடமில்லாமல் தன் நிழலையே விழுத்தும். 127 அந்த வேலைக்கு நல்ல அளவு.