தீர்ப்பு வரும் முன்பே அப்பீல் போகலாமா?

கேள்வி: என் மீது புரோநோட் வழக்கு நடக்கிறது. அதிலுள்ள கையெழுத்து என்னுடையதல்ல. நிபுணரிடம் அனுப்பக் கேட்ட மனுவை முன்சீப் கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது. அப்பீல் போகலாமென்றால், 'தீர்ப்பு வரட்டும்' என்கிறார் வக்கீல். ஏன் காத்திருக்க வேண்டும்?

பதில்: வக்கீல் வழக்கை இழுக்கவில்லை, சரியாகத்தான் சொல்கிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96ஆம் பிரிவுப்படி டிக்ரி (தீர்ப்பின்படி வழக்கை முடித்துவைக்கும் ஆணை) மீதுதான் அப்பீல். உங்களுக்கு வந்திருப்பது ஐ.ஏ.வில் (வழக்கு நடக்கும்போது இடையில் போடும் மனு) பிறப்பித்த உத்தரவு. தடையுத்தரவு, ரிசீவர் (வழக்குச் சொத்தைப் பராமரிக்க கோர்ட் வைக்கும் ஆள்) நியமனம் போன்ற சில உத்தரவுகளுக்கு மட்டும் அதே சட்டத்தின் ஆணை 43இன்படி உடனே அப்பீல் உண்டு. நிபுணர் மனு அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு வழக்கில் நாலைந்து ஐ.ஏ. போடுவது நம் கோர்ட்டுகளில் சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் மேலே போகலாம் என்றால் சாட்சி விசாரணையே தொடங்காது. கடனைக் கொடுக்க மனமில்லாத பிரதிவாதிகளுக்குக் கொண்டாட்டம்தான். (உங்களைச் சொல்லவில்லை.) தவிர, மனு தோற்றதால் வழக்கு தோற்றுவிடாது. நோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் குறுக்கு விசாரணையில் உளறினால் நீங்களே ஜெயிக்கலாம். பிறகு இந்த உத்தரவைப் பற்றி யாருக்குக் கவலை? நிபுணர் அறிக்கை இல்லாதது முடிவைப் பாதித்ததா என்பதும் சாட்சியம் முழுவதும் பதிவான பிறகுதான் தெரியும்.

தோற்றால், 105ஆம் பிரிவு கைகொடுக்கும். டிக்ரி மீதான அப்பீல் மெமோவில் இந்த உத்தரவின் தவறையும் ஒரு காரணமாக எழுதலாம். இப்போது போகாததால் உரிமை போய்விடாது. ஆனால் அந்தத் தவறு தீர்ப்பைப் பாதித்தது என்று காட்டியாக வேண்டும். எனவே கையெழுத்து மறுப்பு உங்கள் எதிருரையில் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். வாதியிடமும் அவரது சாட்சியிடமும் அதை விடாமல் கேட்கச் சொல்லுங்கள்.

115ஆம் பிரிவில் சீராய்வு மனுவும் (கீழ் கோர்ட் உத்தரவைச் சரிபார்க்க ஹைகோர்ட்டைக் கேட்பது) எடுபடாது. மனு உங்களுக்குச் சாதகமாகியிருந்தால் வழக்கே முடிந்திருக்குமா என்பதுதான் 2002இல் அமலுக்கு வந்த திருத்தம் வைக்கும் சோதனை. நிபுணரிடம் அனுப்பியிருந்தாலும் வழக்கு முடிந்திருக்காதே! மிஞ்சுவது அரசியலமைப்பின் 227ஆம் பிரிவில் ஹைகோர்ட்டை அணுகுவது. கீழ் கோர்ட் அதிகார வரம்பை மீறியிருந்தாலோ அப்பட்டமான அநீதி நடந்திருந்தாலோதான் தலையிடுவார்கள். ஸ்டே கிடைக்காவிட்டால் கீழே விசாரணை நடந்துகொண்டேயிருக்கும். கையெழுத்து ஒன்றுதான் உங்கள் முழு எதிர்வாதம் என்றால் இதை வக்கீலோடு பேசிப் பாருங்கள். வேறு சாட்சியம் இருந்தால் அந்தச் செலவு வேண்டாம் என்பேன்.

எப்படியானாலும் தள்ளுபடி உத்தரவுக்கு இப்போதே நகல் மனு போட்டு வையுங்கள். முன்சீப் கோர்ட் டிக்ரிக்கு அப்பீல் கெடு 30 நாள். டிக்ரி நகல் பெற ஆகும் நாட்கள் அந்தக் கெடுவில் சேராது.