பாவம் சாப்பிடலாமா?

அன்புள்ள ஐயா,

தவக்காலத்தில் குவாத்தமாலா போய் ஸ்பானிஷ் படித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அடுத்த ஆண்டு எனக்கும் ஒரு மாதம் விடுப்பு கிடைக்கும். வயது ஐம்பத்திரண்டு. ஒரு மாதத்தில் மொழி வந்துவிடுமா? “விசுவாசம் வளரத்தான் என்றால் ஏதாவது திருத்தலத்துக்குப் போய் ஜெபித்துவிட்டு வரலாமே, இதற்கு எதற்கு இலக்கணம்?” என்கிறார் என் அக்கா. அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. அங்கே ஏதாவது சேவை செய்யலாம் என்றும் ஓர் எண்ணம். என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாமே.)

அன்புள்ள சகோதரி,

ஒரு மாதத்தில் மொழி வராது. நான் படித்த குவாத்தமாலாவின் அன்டிகுவா நகரில் பெரும்பாலும் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். தினமும் நான்கு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும், ஒளிந்துகொள்ளப் பின்வரிசையே கிடையாது. மற்ற நேரம் தங்கியிருக்கும் வீட்டாரோடு. அப்படி இருந்தும், அந்த வீட்டுப் பேரக்குழந்தை என்னைத் திருத்தும் நிலையில்தான் திரும்பி வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, மீன் உண்டா என்று கேட்க நினைத்து ‘பெக்காதோ’ உண்டா என்று கேட்டுவிட்டேன். மீனுக்கு ‘பெஸ்காதோ’. நான் கேட்டது பாவம். “அது வெளியே நிறையக் கிடைக்கும், இந்த வீட்டில் சமைப்பதில்லை” என்றார் வீட்டுக்கார அம்மா.

ஆனால் உங்கள் அக்காவின் கேள்விக்கு என் பதில் இலக்கணத்தில்தான் இருக்கிறது. ஸ்பானிஷில் மரியாதைக்கு ‘உஸ்தெத்’, நெருக்கத்துக்கு ‘து’. குவாத்தமாலாவில் நண்பர்களுக்குள் ‘வோஸ்’ என்று மூன்றாவதும் உண்டு, அதை விடுங்கள். அந்த அம்மா கடைசி நாள்வரை என்னை உஸ்தெத் என்றுதான் அழைத்தார். அதே அம்மா ராத்திரி ஜெபத்தில் கடவுளை ‘து’ என்கிறார். நாம் ‘உமது பெயர்’ என்கிறோம். நீயும் இல்லை, நீங்களும் இல்லை, வீட்டில் யாரிடமும் பேசாத ஒரு வடிவம். அந்தத் தூரத்தில் இத்தனை வருஷம் பத்திரமாக நின்றிருக்கிறேன் என்று அங்கேதான் உறைத்தது. நம் பழைய பக்திப் பாடல்களெல்லாம் கடவுளை ‘நீ’ என்றுதானே உரிமையோடு கூப்பிடுகின்றன!

அப்புறம் ஒரு வினைச்சொல். ‘எஸ்பெரார்’ என்றால் காத்திருப்பது. நம்பியிருப்பது என்றாலும் அதுவேதான். மூன்றாவது வாரம், பீன்ஸ் உரித்துக்கொண்டே அந்த அம்மா தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். இரண்டு லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்த அண்ணன் காணாமல் போனவர்களில் ஒருவர். தங்கள் தாய் சாகும்வரை அவனை ‘எஸ்பெராபா’ என்றார். அந்தத் தாய் காத்திருந்தாரா, நம்பியிருந்தாரா? கேட்கவும் எனக்கு வார்த்தை இல்லை. தமிழாக இருந்தால் உடனே ஒரு வேதவசனம் எடுத்து விட்டிருப்பேன், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அன்று வாயை மூடிக்கொண்டு நானும் பீன்ஸ் உரித்தேன். கிண்ணம் நிறையும்வரை இருவரும் பேசவில்லை. என் வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே ஜெபம் அது என்று தோன்றுகிறது.

சேவை பற்றி: ஒரு மாதத்துக்கு வேண்டாம். விருந்தாளியாக இருங்கள், வாங்கிக்கொள்ளப் பழகுங்கள். அருள்தந்தை ஸ்டான்லி ரோதர் என்று ஓர் அமெரிக்கக் குரு இருந்தார். ஓக்லஹோமா விவசாயி வீட்டுப் பிள்ளை. லத்தீன் வரவில்லை என்று குருமடத்திலிருந்தே அனுப்பிவிட்டார்கள். இன்னொரு குருமடத்தில் சேர்ந்து குருவானார். 1968இல் குவாத்தமாலாவில் அதித்லான் ஏரிக்கரையில் உள்ள சாந்தியாகோ அதித்லான் என்ற ஊருக்கு வந்து ஸ்பானிஷும், அங்குள்ள மாயா மக்களின் த்சுதுஹில் மொழியும் கற்று, அந்த மொழியிலேயே பூசை வைத்தார். மிரட்டல் வந்து நாடு திரும்பியவர், மக்களை விட்டுவிட்டு இருக்க முடியாமல் மறுபடி போனார். 1981 ஜூலையில் பங்கு இல்லத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். 2017இல் அருளாளராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலைக்கு, உயர்த்தப்பட்டார். உடல் ஓக்லஹோமாவில் இருக்கிறது, இதயம் அந்த ஊர்க் கோயிலில். அவர் கொடுத்தது பதின்மூன்று வருஷம். நமக்கு இருப்பது முப்பது நாள்.

புனித வாரத்தில் போக முடிந்தால் போங்கள். சாயமேற்றிய மரத்தூளால் தெருவெல்லாம் கம்பளம் போடுவார்கள். ராத்திரி முழுக்க முட்டிபோட்டு வேலை, காற்றில் பறக்காமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே. ஊதா அங்கிக்காரர்கள் சப்பரத்தைத் தூக்கி அதன்மேல் நடந்து போனால் சில நிமிஷத்தில் எல்லாம் குழம்பிவிடும், பின்னாலேயே துடைப்பம் வரும். பார்த்தால் நமக்குத்தான் வயிறு எரியும், போட்டவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வாரம் வீடு கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் ஆளுக்கொரு வீட்டில் தங்குங்கள். ஒரே வீட்டில் இருந்தால் மாதம் முழுக்கத் தமிழிலேயே சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அன்புடன்.