ரெண்டு பேருமே 13வது பிக் தான்

வணக்கம் அண்ணா,

அட்லாண்டால இருந்து எழுதுறேன். என் பையன் இங்கயே பொறந்து வளர்ந்தவன், ஜார்ஜியா யுனிவர்சிட்டி டீம் புல்டாக்ஸ்னா உயிரையே விடுவான், அவனாலதான் நானும் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பிச்சேன். 2021 டிசம்பர்ல இங்க நடந்த எஸ்இசி (தென்பகுதி காலேஜ் லீக்) ஃபைனலுக்கு ரெண்டு பேரும் நேர்ல போனோம், அலபாமாகிட்ட 41-24னு தோத்தோம், அன்னிக்கு ராத்திரி அவன் சாப்பிடவே இல்ல.

ஒவ்வொரு வருஷமும் டிராஃப்ட் வந்தா, அதாவது ப்ரோ டீமுங்க காலேஜ் ஆட்டக்காரங்களை வரிசையா ஒவ்வொருத்தரா எடுக்கற நாள் வந்தா, எங்க வீட்ல ஒரு சண்டை. டிஃபென்சிவ் டேக்கிள்னு, அதாவது தடுக்கற டீமோட முன் வரிசை நடுவுல நிக்கற ஆளுன்னு வந்தா அவன் எடையையும் 40 யார்டு ஓட்டத்தையும் பார்ப்பான், நான் காலேஜ்ல எத்தனை சாக் (பந்தை எறியற குவார்ட்டர்பேக்கை எறியறதுக்கு முன்னாடியே சாய்க்கறது) எடுத்திருக்கான்னு பார்ப்பேன். ராம்ஸ் எடுத்த ஆரன் டொனால்ட் 13வது பிக், அதாவது அந்த வருஷம் 13வதா எடுக்கப்பட்டவர், ஈகிள்ஸ் எடுத்த எங்க ஜார்ஜியா ஜோர்டன் டேவிஸும் 13வது பிக். டொனால்ட் மொத்தம் 111 சாக் எடுத்துட்டு ரிட்டயர் ஆனார், டேவிஸ் முதல் மூணு சீசன் சேர்த்து நாலு கூட எடுக்கல. அப்போ ஈகிள்ஸ் ஏமாந்துட்டாங்கதானேன்னு கேட்டா பையன் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடறான். எதை வச்சு இந்த ஆளுங்களை எடை போடணும்னு கொஞ்சம் சொல்லுங்க அண்ணா.

உங்கள் வாசகன்

*

தம்பி, வணக்கம்.

பையன்கிட்ட முதல்ல ஒண்ணு சொல்லிடுங்க, ஈகிள்ஸ் ஏமாறல. நீங்க ரெண்டு பேரையும் ஒரே தராசுல வச்சுட்டீங்க, அவ்வளவுதான். அதுக்கு உங்களையும் குத்தம் சொல்ல முடியாது, டிவிலயும் டிராஃப்ட் லிஸ்ட்லயும் ரெண்டு பேருக்கும் ஒரே பேரைத்தான் போடறாங்க. பேர்தான் ஒண்ணு, வேலை வேற வேற.

லைன் நடுவுல யார் எங்க நிக்கறான்ங்கறதுக்கு கோச்சுங்க நம்பர் வச்சிருக்காங்க. பந்தைப் பின்னாடி குடுத்து (ஸ்னாப்) ஆட்டத்தை ஆரம்பிக்கற எதிர் டீம் சென்டருக்கு நேர் எதிர்ல நின்னா ஜீரோ, அவரோட தோள் பக்கமா நின்னா ஒண்ணு, சென்டருக்குப் பக்கத்துல இருக்கற கார்டோட வெளித்தோள் பக்கம் நின்னா மூணு. ஜீரோ, ஒண்ணுல நிக்கறவன் நோஸ் டேக்கிள். அவன் வேலையே இடத்தை விடாம நிக்கறதுதான். சென்டரும் கார்டும் சேர்ந்து அவன் மேல மோதுவாங்க, டபுள் டீம்னு சொல்வாங்க, அதுல அவன் ஒரு அடி கூட பின்னாடி போகாம நின்னுட்டா அந்த ரெண்டு பேரும் அங்கயே மாட்டிக்குவாங்க, பின்னாடி நிக்கற லைன்பேக்கரைத் தடுக்க ஆளே இருக்காது, அவர் சும்மா ஓடி வந்து பந்து வச்சிருக்கறவனை அமுக்கிடுவார், ஸ்கோர் ஷீட்ல பேரும் அவருக்குத்தான் போகும். 2021ல ஜார்ஜியாவோட நகோபி டீன் நாட்டுலயே சிறந்த லைன்பேக்கர்னு பட்கஸ் அவார்ட் வாங்கினார் இல்லையா, அவருக்கு முன்னாடி நின்னது டேவிஸ், டெவான்ட்டே வயட், ஜேலன் கார்ட்டர், மூணு பேருமே பின்னாடி முதல் ரவுண்ட்ல போனவங்க. டீன் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனா அந்த அவார்டுல டேவிஸுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் மனசார நம்பறேன்.

மூணுல நிக்கறவன் கதையே வேற. அவனுக்குக் கார்டுக்கும் அதுக்கு அடுத்து வெளியில நிக்கற அஃபென்சிவ் டேக்கிளுக்கும் நடுவுல ஒரு சந்து, பந்து அசைஞ்ச உடனே அதுக்குள்ள பாய்ஞ்சு குவார்ட்டர்பேக்கைப் போய்ப் பிடிக்கணும். டொனால்ட் இந்த ஜாதி. இவங்களுக்குத்தான் சாக் கணக்கு ஓரளவு பேசும்.

டொனால்ட் காலேஜ்ல ஆடறப்போ நான் பிட்ஸ்பர்க்ல இருந்தேன், அவரோட பிட் (பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டி) டீம் கேமுக்கெல்லாம் போவேன். 97ம் நம்பர் போட்டுக்கிட்டு இவர் லைன்ல வந்து நிக்கும்போது எதிர் டீம் கார்டு தோள் உயரத்துக்குத்தான் தெரிவார், பார்த்தா சின்னப் பையன் மாதிரி இருக்கும். ஆறடி ஒரு இன்ச், 285 பவுண்ட், அதாவது சுமார் 129 கிலோ, நமக்கு அது மலை மாதிரி, ஆனா அந்த இடத்துல 300 பவுண்டுக்கு மேல எதிர்பார்ப்பாங்க. 2013 நவம்பர்ல உங்க ஊர்ல ஜார்ஜியா டெக் கூட ஒரு கேம், அதை டிவில பார்த்தேன். ஜார்ஜியா டெக் அப்போ ஆப்ஷன் ஆடற டீம், பாஸே ரொம்பக் கம்மி, குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கிட்டு ஓடறவர்) வயித்துல வச்சு குடுக்கறதா வேண்டாமான்னு ஒரு நொடி பார்ப்பார். அந்த ஒரு நொடிக்குள்ள டொனால்ட் கார்டைத் தாண்டி உள்ள வந்து நின்னுட்டார். பந்து ரெண்டு பேர் கைலயும் இருக்கு. யாரைப் பிடிக்கறதுன்னு யோசிக்கவே இல்ல, ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப்பிடிச்சு கீழ சாய்ச்சுட்டார். நான் சோஃபால இருந்து எந்திரிச்சு நின்னுட்டேன். அன்னிக்கு லைனுக்குப் பின்னாடியே ஆறு தடவை ஆளைப் பிடிச்சார், பிட் தோத்துச்சு, 21-10.

அந்த வருஷம் அவுட்லேண்ட், பெட்னாரிக், நகுர்ஸ்கி, லொம்பார்டினு டிஃபென்ஸுக்கு இருக்கற பெரிய அவார்டெல்லாம் அவருக்குத்தான். அப்படியும் 2014 டிராஃப்ட்ல 12 பேர் அவருக்கு முன்னாடி போனாங்க. அவரை எடுத்த ராம்ஸே 2வது பிக்ல கிரெக் ராபின்சன்னு ஒரு அஃபென்சிவ் டேக்கிளை எடுத்துட்டு அப்புறம்தான் 13ல இவர்கிட்ட வந்தாங்க. நானும் அவ்வளவு கேமும் பார்த்துட்டு, உயரம் பத்தாது, ப்ரோ லீக்ல பெரிய கார்டுங்க அமுக்கிடுவாங்கன்னு நண்பர்கள்கிட்ட சொன்னேன். தப்பு, பெரிய தப்பு. கண்ணால பார்த்ததை நம்பாம அளவுகோலை நம்பினேன், அதுல இருந்துதான் நான் பார்க்கற விதத்தையே மாத்திக்கிட்டேன்.

உயரம் கம்மின்னா என்ன நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. லைன்ல ரெண்டு பேர் மோதும்போது யார் தோள் கீழ இருக்கோ அவன்தான் ஜெயிப்பான், கோச்சுங்க பேட் லெவல்னு தொண்டை வத்த கத்துறது இதைத்தான். டொனால்டுக்கு அது பிறவியிலயே அமைஞ்சது. டேவிஸ் ஆறடி ஆறு இன்ச், அவர் ஒவ்வொரு பிளேவுக்கும் முழங்காலை மடக்கிக் கீழ இறங்கி வரணும், களைச்சுப் போனா முதல்ல போறது அதுதான், நிமிர்ந்துடுவார், நிமிர்ந்தா 340 பவுண்டும் பிரயோஜனமில்ல, நெஞ்சுல கை வச்சுத் தள்ளிட்டுப் போயிடுவாங்க. அதனால பெரிய உடம்புக்காரனைப் பார்த்தா நான் முதல் குவார்ட்டரை விட்டுட்டு நாலாவது குவார்ட்டரைத்தான் போட்டுப் பார்ப்பேன்.

வைகிங்ஸ் டீம்ல டிஃபென்சிவ் டேக்கிளா ஆடின ஜான் ராண்டில் கதை பையனுக்குத் தெரியுமான்னு கேளுங்க. 1990ல இப்போ மாதிரி ஏழு ரவுண்ட் இல்ல, 12 ரவுண்ட் டிராஃப்ட், அதுலயும் ஒருத்தர் கூட அவரை எடுக்கல, எடை பத்தாதுன்னுட்டாங்க. வைகிங்ஸ் எடை பார்க்கும்போது டிரெஸ்ஸுக்குள்ள இரும்புச் சங்கிலியைக் கட்டிக்கிட்டுப் போய் நின்னார் மனுஷன். 137.5 சாக், 2010ல ஹால் ஆஃப் ஃபேம்.

இப்போ பையனோட 40 யார்டுக்கு வரேன். டேவிஸ் 341 பவுண்ட் உடம்பை வச்சுக்கிட்டு 4.78 செகண்ட்ல ஓடினது நம்ப முடியாத விஷயம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா லைன் நடுவுல இருக்கறவன் ஒரு கேம்ல 40 யார்டு நேரா ஓடற சந்தர்ப்பம் எப்போ வரும் சொல்லுங்க? அவன் உலகமே மூணு நாலு யார்டுக்குள்ள. அதனால கம்பைன்ல (டிராஃப்டுக்கு முன்னாடி ஆட்டக்காரங்களை அளந்து பார்க்கற சோதனை) 40 யார்டு ஓடும்போது முதல் பத்து யார்டுக்குத் தனியா ஒரு டைம் எடுப்பாங்க, ஸ்கவுட்டுங்க அதைத்தான் குறிச்சுப்பாங்க, பையனையும் அதைப் பார்க்கச் சொல்லுங்க. 225 பவுண்ட் பெஞ்ச் பிரெஸ்ஸும் அப்படித்தான், எத்தனை தடவை தூக்கினான்ங்கறது கையோட பலம், டபுள் டீம்ல நிக்கறது இடுப்பும் தொடையும்.

உங்க சாக் கணக்குக்கும் இதே கதிதான் தம்பி. மிசிசிப்பி ஸ்டேட்ல கிறிஸ் ஜோன்ஸ் கடைசி வருஷம் எடுத்தது 2.5 சாக், 2016ல 37வது பிக்கா ரெண்டாவது ரவுண்டுக்கு இறங்கிட்டார், ஆனா 2018ல சீஃப்ஸுக்கு 15.5 சாக் எடுத்தார். காலேஜ்ல இவர் உள்ள போறதுக்குள்ள பந்து கையை விட்டுப் போயிருக்கும், இல்ல இவர் விரட்டிவிட குவார்ட்டர்பேக் ஓடிப்போய் இன்னொருத்தன் கைல மாட்டுவார். எத்தனை தடவை ஜெயிச்சான்னு பாருங்க, சாக் யார் பேர்ல விழுந்துச்சுங்கறது அப்புறம்.

எப்படிப் பார்க்கறதுன்னு கேட்டீங்க. டிவில பக்கவாட்டு கேமரால நடு லைன் ஒரே குவியலாத்தான் தெரியும், எண்ட் ஜோன் (மைதானத்தோட கோடி) பக்கத்துல இருந்து ரீப்ளே போடும்போது நிறுத்திப் பாருங்க. பந்தைப் பார்க்காதீங்க, அது ரொம்பக் கஷ்டம், கண்ணு தானா அங்க போகும், ஆனா விடாதீங்க. ஒரே ஆளோட காலைப் பாருங்க. சென்டர் கை அசையும்போது இவன் கால் தரைல இருந்து கிளம்பிடுச்சா, இல்ல பக்கத்துல இருக்கறவன் கிளம்பினதுக்கு அப்புறம்தான் கிளம்புதா? முதல் அடி எடுத்து வைக்கறதுக்குள்ள கை எதிராளி நெஞ்சுக்கு உள்பக்கம் போயிடுச்சா, இல்ல வெளிப்பக்கம் தோளைப் பிடிச்சுத் தொங்கறானா? டபுள் டீம் வரும்போது தெரிஞ்சவன் இடுப்பைத் திருப்பி ஒரு தோளை ரெண்டு பேருக்கும் நடுவுல ஆப்பு மாதிரி சொருகுவான், இனி முடியாதுன்னு தோணினா ஒரு முழங்காலை ஊனி அங்கயே குவியலாக்கிடுவான், பின்னாடி மட்டும் போக மாட்டான். இதையெல்லாம் ஒரு பையன் காலேஜ்லயே செஞ்சா அவன் பேர் பக்கத்துல எத்தனை சாக்னு நான் கேட்கவே மாட்டேன்.

நீங்க நேர்ல பார்த்த அந்த எஸ்இசி ஃபைனல்ல ஜார்ஜியா ஒரு சாக் கூட எடுக்கல, பிரைஸ் யங் 421 யார்டு பாஸ் பண்ணார். பாஸ் பண்ற டீம் கிட்ட நோஸ் டேக்கிளோட மதிப்பு இறங்கிடும், டேவிஸ் பெரும்பாலும் மூணாவது டவுன்ல (மூணாவது முயற்சி, அப்போ பாஸ்தான் அதிகம்) பெஞ்ச்ல போய் உட்காருவார். ஈகிள்ஸுக்கு இது தெரியாதுன்னு நினைக்காதீங்க. தெரிஞ்சுதான் 15ல இருந்து 13க்கு ஏறி வந்து எடுத்தாங்க, அடுத்த வருஷமே 9வது பிக்ல கார்ட்டரை எடுத்துப் பக்கத்துல நிறுத்தினாங்க, ஒருத்தர் ரெண்டு பேரை மாட்டி வைக்க இன்னொருத்தர் உள்ள போகறதுக்கு. 2025 பிப்ரவரில சூப்பர் பவுல்ல சீஃப்ஸை 40-22னு அடிச்சப்போ அன்னிக்கு டேவிஸும் ஒரு சாக் எடுத்தார், பையனுக்கு ஞாபகம் இருக்கும்.

அதுக்கப்புறம் எடையைக் குறைச்சுக்கிட்டு வந்தார். அந்த செப்டம்பர்ல ராம்ஸ் கூட கடைசி பிளே, ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவுல உதைக்கற பந்து) உள்ள போனா ராம்ஸ் ஜெயிச்சிருப்பாங்க, டேவிஸ் கையைத் தூக்கித் தடுத்து, துள்ளின பந்தைத் தானே எடுத்துக்கிட்டு 61 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 33-26. 40 யார்டு ஓடற சந்தர்ப்பம் எப்போ வரும்னு மேல கேட்டேன்ல, வந்துச்சு, அந்த ஒரு தடவைக்குப் பையன் பக்கம்தான் நியாயம், அவன்கிட்ட நான் ஒத்துக்கிட்டேன்னு சொல்லுங்க.

ஒரு வேலை பண்ணுங்க. 2022 ஜனவரில இண்டியானாபோலிஸ்ல ஜார்ஜியா அலபாமாவை 33-18னு ஜெயிச்ச அந்த நேஷனல் சாம்பியன்ஷிப் ஃபைனலை பையனோட உட்கார்ந்து மறுபடி போடுங்க, டேவிஸ் 4.78 ஓடினதும் ரெண்டு மாசம் கழிச்சு அதே ஸ்டேடியத்துலதான். அலபாமா ரன் ஆடற பிளேல மட்டும் நிறுத்தி, 99ம் நம்பரோட முழங்காலை நீங்க பாருங்க, அவருக்குப் பின்னாடி வர லைன்பேக்கரை அவன் பார்க்கட்டும், என்ன தெரிஞ்சுதுன்னு ரெண்டு பேரும் தனித்தனியா எழுதி எனக்கு அனுப்புங்க.

அன்புடன்,
அண்ணன்