பழைய மரத்தில் புதுத் தளபாடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பழைய வீட்டை இடித்தபோது சட்டமும் பலகையும் வைத்துச் செய்த இரண்டு கதவுகளும் ஒரு நிலையும் கிடைத்தன. ஒரு கதவைச் சாப்பாட்டு மேசையாக்க முடியுமா?
– வாசகி, உவர்மலை

பதில்: தாராளமாக. ஆனால் முதலில் கதவைச் சோதியுங்கள். விரலால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் உள்ளே கறையான் தின்றிருக்கும். ஸ்குரூட்ரைவர் முனையால் மூட்டுகளைக் குத்துங்கள். சிறு துளைகள் தெரிந்தால் கதவின் கீழே கறுப்புக் கடதாசி விரித்து மூன்று நாள் விடுங்கள். வெளிர் மாவு புதிதாகக் கொட்டியிருந்தால் மரத்தைத் துளைக்கும் உளுப்பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. போராக்ஸ் 60 கிராம், போரிக் அசிட் 40 கிராம் எடுத்து, ஒரு லீற்றர் கொதிக்கவைத்த நீரில் கரைத்து, பெயின்ட் நீக்கிய மரத்தில் இரண்டு மூன்று தடவை ஊறும்படி பூசுங்கள். இந்த மருந்து மழையில் கழுவுண்டு போகும் என்பதால் வீட்டுக்குள் வைக்கும் தளபாடத்துக்கே உதவும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், சிறுபிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். நீர் தெளித்து, முகமூடி போட்டுச் சுரண்டுங்கள். சீவுளி பிடிக்குமுன் காந்தத்தை மரத்தின் மேல் ஓட்டிப் பார்ப்பது நல்லது. உடைந்த ஆணி ஒன்று போதும், அலகு போய்விடும்.

பலர் பிழைவிடுவது அடுத்த இடத்தில்தான். சட்டத்துக்குள் இருக்கும் பலகை தாழ்வாக இருப்பதால் சோறும் கறியும் அதில் தங்கும் என்று எபொக்சி ஊற்றி நிரப்பிவிடுவார்கள். அந்தப் பலகை சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீள் பள்ளத்துக்குள், ஒட்டாமல் சும்மா நிற்பது. மாரியில் ஊதி, உலர்ந்த கச்சான் காற்று வீசும் காலத்தில் சுருங்கும். அசையவிடாமல் ஒட்டினால் எபொக்சி விலகும், அல்லது பலகை பிளக்கும். 8 மில்லிமீற்றர் டெம்பர்ட் கண்ணாடியைச் சிறு ரப்பர் பொட்டுகளின் மேல் வையுங்கள். பலகையில் உள்ள செதுக்கு வேலையும் தெரியும், துடைக்கவும் சுகம்.

காலுக்கு அந்த நிலை மரத்தையே அறுக்கலாம். மேசையின் உயரம் 30 அங்குலம். மேசைக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்துக்கும் தரைக்கும் இடையில் 24 அங்குலம் விடாவிட்டால் முழங்கால் இடிக்கும். கதவைக் குறுக்குச் சட்டத்தில் பூட்டும்போது ஸ்குரூத் துளையை வட்டமாக அல்லாமல், அகலப் பக்கமாக நீண்ட துளையாகப் போடச் சொல்லுங்கள். மரம் அசைய இடம் வேண்டும்.

கேள்வி: பழைய தோணிப் பலகையில் வாங்கு செய்து வார்ணிஷ் பூசினேன். கார்த்திகை மாதத்தில் வாங்கு வியர்த்தது. இப்போது வார்ணிஷ் கொப்பளிக்கிறது. ஏன்?
– வாசகர், நிலாவெளி

பதில்: மரத்தில் ஊறிய உப்புத்தான் காரணம். காற்றின் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். காற்று உலர்ந்ததும் மீண்டும் பளிங்காகும். அந்தப் பளிங்கு வார்ணிஷை உள்ளிருந்து தள்ளும். மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் இது நிற்காது.

வாங்கைப் பிரியுங்கள். வார்ணிஷையும் தோணியின் அடிப்பெயின்டையும் நீக்குங்கள். அடிப்பெயின்ட் பாசி, சிப்பி பிடிக்காதிருக்க நஞ்சு கலந்தது, ஆகவே கையுறை அவசியம். பிறகு பொலித்தீன் விரித்த பள்ளத்தில் நல்லதண்ணீர் நிரப்பி, பலகைகளைக் கல் வைத்து அமிழ்த்தி, இரண்டு நாளுக்கொருமுறை நீரை மாற்றிக் குறைந்தது பத்து நாள் ஊறவிடுங்கள். கரையோரக் கிணற்று நீர் உவராக இருந்தால் வேண்டாம். ஒரு துண்டை வெயிலில் காயவைத்துப் பாருங்கள். வெள்ளை பூத்தால் இன்னும் ஊறவேண்டும்.

மற்றப் பலகைகளை நிழலில், ஓரங்குலக் கட்டைகளை இடையிட்டு அடுக்குங்கள். இரண்டு தலைப்பிலும் மெழுகோ பெயின்டோ தடவுங்கள். கச்சான் காற்று தலைப்பை வேகமாகக் காயவைத்து வெடிக்க வைத்துவிடும். கச்சான் காலத்தில் பொருத்தும் பலகைகளுக்கிடையே ஒரு மெல்லிய தகடு நுழையும் இடைவெளி விடுங்கள், மாரியில் ஊதும்போது அது வேலை செய்யும்.

பழைய தோணிப் பலகையில் சாவண்டலை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ‘திருக்கோணமலை மரம்’ என்ற பெயரில் மதராஸ் கரையில் அலையைத் தாண்ட ஓட்டிய மசூலாப் படகுகளுக்கே கப்பலேறிய மரம் அது. வளைந்து கொடுக்கும், இலகுவில் பிளக்காது.

வார்ணிஷுக்குப் பதில் லின்சீட் ஒயில் பூசுங்கள். முதல் பூச்சுக்குச் சம அளவு டேர்பன்டைன் கலந்து, இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு அடுத்ததைப் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நீரில் நனைத்து விரித்துக் காயவிடுங்கள். சாதாரண இரும்பு ஆணி கடற்கரையில் துருப்பிடித்து மரத்தையும் கறுக்க வைக்கும். பித்தளை ஸ்குரூவோ, 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ரயில் சிலிப்பர்க் கட்டையில் கட்டில் செய்யலாமா?
– வாசகர், சீனன்குடா

பதில்: வேண்டாம். பழைய சிலிப்பர்களில், மரம் உக்காமலிருக்க ஊட்டிய கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும். சீவினாலும் உள்ளிருந்து கசிந்து மணக்கும். தோலையும் எரிக்கும், புற்றுநோய் ஆபத்தும் உண்டு. படுக்கையறைக்குள் வரவே கூடாத மரம். முற்றத்தில் கூட உட்காரும் இடத்துக்குப் போடாதீர்கள். அறுத்த துண்டுகளை அடுப்பில் எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகையும் நஞ்சு.