மார்கழி முதல் பங்குனி வரை: சென்னை விழாக்கள், கேள்வி பதில்

டிசம்பர் சபா சீசன், புத்தகக் காட்சி, பொங்கல் கலை விழா, மயிலைப் பங்குனித் திருவிழா, நடுவே வரும் அன்னதானம், ரத்ததான முகாம். இவற்றைப் பற்றிக் கேளுங்கள். கேட்பதற்கு முன் இரண்டு விஷயம். வாட்ஸ்அப்பில் வரும் போஸ்டரில் ஆண்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய போஸ்டர்தான் வருஷா வருஷம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மயிலாப்பூருக்குக் காரில் வராதீர்கள்.

குரோம்பேட்டை வாசகி: இதுவரை ஒரு கச்சேரிக்கும் போனதில்லை சார். டிக்கெட் எடுக்கத் தெரியாது, ராகமும் தெரியாது. எங்கே ஆரம்பிக்கலாம்?

மதியக் கச்சேரியில் ஆரம்பியுங்கள். பெரும்பாலான சபாக்களில் மதியம் பாடுபவர்கள் இளையவர்கள், அனுமதி இலவசம். சாயங்காலம் பெரிய வித்வான்கள் பாடும்போதுதான் டிக்கெட். மியூசிக் அகாடமி, நாரத கான சபா இரண்டும் டி.டி.கே. சாலையிலேயே இருக்கின்றன, ஒன்றில் பிடிக்காவிட்டால் எழுந்து அடுத்ததற்கு நடந்தே போய்விடலாம். சங்கீதம் ஓரளவு பழகிய பிறகு அகாடமியின் காலை நேர விளக்க உரைகளுக்கும் போங்கள், அதற்கும் காசு கிடையாது.

முழுக் கச்சேரி இரண்டரை மணி நேரம் போகும். வர்ணம் என்ற தொடக்கப் பாட்டு அல்லது சின்னக் கிருதியில் தொடங்கி, நடுவில் ஒரு பெரிய பாட்டு, அதன் கடைசியில் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடா எனும் சின்னப் பாட்டுகள், முடிவில் மங்களம். தாமதமாக வந்தால் பாட்டு முடியும்வரை வாசலில் நில்லுங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகும் கூட்டத்தோடு சேராதீர்கள். தாளக் கணக்கு புரியாவிட்டாலும் கையில் தாளம் போட்டபடி உட்காருங்கள். இரண்டாவது மூன்றாவது கச்சேரியில் அதுவே பிடிபடும்.

தமிழ்ப் பாட்டுதான் வேண்டும் என்றால் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம். அண்ணாமலைச் செட்டியார் 1943இல் தொடங்கிய தமிழிசைச் சங்கத்தின் விழா டிசம்பர் பிற்பகுதியில் அங்கேதான் நடக்கும். ஓதுவார்கள் பண்ணோடு பாடும் தேவாரத்தை மேடையில் கேட்க நல்ல இடம். மயிலாப்பூர்க் கூட்டம் அந்தப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை. உட்கார இடம் கிடைக்கும்.

வேளச்சேரி: எல்லாக் கச்சேரியும் ஏன் டிசம்பரில்? குளிர் என்பதாலா?

காங்கிரஸ் மாநாட்டால். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது அதோடு சேர்த்து அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. சங்கீதத்துக்கென்று ஒரு நிலையான அமைப்பு வேண்டும் என்று அங்கே முடிவாகி, 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதன் வருடாந்திர மாநாடு டிசம்பரில் நிலைத்தது, மற்ற சபாக்களும் அதைச் சுற்றி அமைந்துகொண்டன. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா அகாடமிக்கும் மூத்தது, 1896. கல்யாண முகூர்த்தம் இல்லாத மார்கழியில் வித்வான்களுக்கும் மண்டபங்களுக்கும் ஓய்வு கிடைத்தது கூடுதல் வசதி.

பசியோடு ஒருவன்: கேன்டீனுக்கு டிக்கெட் வேண்டுமா?

வேண்டாம். சனி ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் சீக்கிரம் போய் டோக்கன் வாங்குங்கள்.

ஆவடி: அறுபத்து மூவர் எந்தத் தேதி?

தேதியை மனப்பாடம் செய்யாதீர்கள், கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழா பத்து நாள். கொடியேற்றம் முதல் நாள். மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூன்று நாயன்மார்களும் ஊர்வலம் வரும் அறுபத்து மூவர், பத்தாம் நாள் திருக்கல்யாணம். பங்குனி உத்திரத்தை ஒட்டி வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2024இல் மார்ச் 23, 2025இல் ஏப்ரல் 10. கோயில் அழைப்பிதழ் வெளிவந்ததும் கொடியேற்றத் தேதியைப் பார்த்து அதோடு ஏழு கூட்டுங்கள்.

எட்டாம் நாள் காலையிலேயே வர முடிந்தால் வாருங்கள். சம்பந்தர் பதிகம் பாடி, இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணை எலும்பிலிருந்து எழுப்பிய கதையை நடத்திக் காட்டுவது அன்று காலைதான். பிற்பகல் ஊர்வலத்துக்கு மட்டும் வருகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ராயபுரம்: புத்தகக் காட்சிக்கு எப்போது போனால் கூட்டம் குறைவு?

வேலை நாள், கதவு திறக்கும் நேரம். பொங்கல் விடுமுறையில் போனால் புத்தகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு நந்தனம் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி இந்தக் காட்சியை 1977இல் தொடங்கியது, வழக்கமான தள்ளுபடி 10 சதவீதம். பதிப்பகங்களின் பட்டியலை முன்பே பார்த்துக் கடை எண்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். கனமான தொகுப்புகளைக் கடைசியில் வாங்குங்கள். முதல் வரிசையிலேயே வாங்கிவிட்டு மீதி வரிசைகளைத் தோள்வலியோடு சுற்றுகிறவர்கள் ஏராளம்.

அடையாறு: அறுபத்து மூவர் அன்று கார் நிறுத்த இடம் இருக்கிறதா?

இல்லை. பறக்கும் ரயிலில் வந்து திருமயிலை நிலையத்தில் இறங்குங்கள்.

மந்தைவெளி நண்பர்கள்: அண்ணா, நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து அறுபத்து மூவர் அன்று 500 பேருக்கு அன்னதானம் செய்ய நினைக்கிறோம். என்ன சமைப்பது, எவ்வளவு, யாரிடம் அனுமதி?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அளவு: 1 கிலோ அரிசி வடித்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ சாதம். ஒரு தொன்னைக்கு 250 கிராம் என்றால் கிலோவுக்குப் பத்து, பன்னிரண்டு தொன்னை. 500 பேருக்கு 45 முதல் 50 கிலோ அரிசி. வரிசையில் இரண்டாம் முறை வருகிறவர்களை விரட்டாதீர்கள், அதற்கும் சேர்த்துத்தான் 50 என்று வையுங்கள்.

என்ன சமைப்பது: வெயில் காலத்துக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம். புளிப்பும் நல்லெண்ணெயும் சாதத்தைத் தாங்கும். சாம்பார் சாதம் என்றால் கடைசித் தொன்னை வரை ஆவி பறக்க வேண்டும், 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. தேங்காய் அரைத்துவிட்ட எதுவும் வேண்டாம். தயிர் சாதம் செய்தே ஆகவேண்டும் என்றால் பாலைக் கூட்டித் தயிரைக் குறைத்துப் பிசையுங்கள், பரிமாறும் நேரத்துக்குள் சரியாக உறைந்துவிடும்.

எங்கே கெடுகிறது: 50 கிலோவையும் விடியற்காலையில் வடித்து அண்டாவில் அமுக்கி மூடி வைப்பதில். நடுவில் இருக்கும் சாதம் ஆறவும் ஆறாது, சூடாகவும் இருக்காது. அந்த வெதுவெதுப்பில் பல மணி நேரம் கிடந்தால் சோற்றில் கிருமி பெருகி நஞ்சைக் கக்கிவிடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சமையல்காரர் “ஒரே அடுப்பில் முடித்துவிடலாம்” என்பார். கேட்காதீர்கள். பத்துப் பத்துக் கிலோவாக, இடைவெளி விட்டு வடியுங்கள். புளியோதரை என்றால் சாதத்தைப் பாயில் பரப்பி நன்றாக ஆறவிட்டுப் பிறகு கலக்குங்கள்.

அனுமதி: உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு முதலில். அந்தத் துறையின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் ஆண்டுக்கு 100 ரூபாய், அடையாள அட்டையும் புகைப்படமும் போதும். ஒரு மாதம் முன்பே போடுங்கள். கேட்டரிங்காரரிடம் சமைக்கக் கொடுத்தால் அவருடைய உரிமத்தின் நகலை வாங்கி வையுங்கள். தெருவில் பந்தல் போடக் காவல் நிலையம், மாநகராட்சி மண்டல அலுவலகம் இரண்டிலும் எழுதிக் கொடுங்கள். சாலையை அடைக்காமல் உள்வாங்கிய இடம் கிடைத்தால் பாதி வேலை குறையும். மதியத்துக்குள் மாட வீதிகளில் வண்டி நுழைய முடியாது. அடுப்பு, பாத்திரம், தண்ணீர் கேன் எல்லாம் காலையிலேயே உள்ளே வந்துவிட வேண்டும்.

வடக்கு மாட வீதிக்காரன்: தாத்தா காலத்திலிருந்து கொடுக்கிறோம். சோறு போட லைசென்ஸா? நாங்கள் என்ன ஓட்டலா நடத்துகிறோம்?

ஓட்டல் நடத்தவில்லை என்பது சரி. ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உணவு வினியோகத்தைத் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. 2011ஆம் ஆண்டு விதிகளில் ‘சிறு உணவுத் தயாரிப்பாளர்’ என்ற விளக்கத்திலேயே மத, சமூகக் கூட்டங்களில் உணவு வினியோகிப்பவர் என்று எழுதியிருக்கிறது. உங்களைக் குறித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வடக்கு மாட வீதிக்காரன்: எழுதியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் எங்கள் பந்தலில் யாருக்காவது வயிறு வலித்ததா?

வலித்தவர் வீட்டில் போய்ப் படுத்திருப்பார், உங்கள் பந்தலைத் தேடி வந்து சொல்ல மாட்டார். அவர் அன்று ஏழு பந்தலில் கை நீட்டியிருப்பார், எது என்று அவருக்கே தெரியாது. பதிவு இருந்தால் தேடிவர ஒரு முகவரியாவது இருக்கும். 100 ரூபாய்ச் செலவு.

கச்சேரி ரோடு: நான் சொல்கிறேன், அன்னதானத்தையே நிறுத்த வேண்டும். மறுநாள் காலை எங்கள் வாசலில் நடக்க முடிவதில்லை. பாக்கு மட்டையும் கப்பும் குவியல் குவியலாக.

வடக்கு மாட வீதிக்காரன்: சோற்றை நிறுத்தச் சொல்கிறவர் மயிலாப்பூரில் ஏன் குடியிருக்கிறார்?

இருவரும் நிறுத்துங்கள். குப்பை உண்மை, ஆனால் காரணம் சோறு அல்ல, தொட்டி வைக்கும் இடம். எல்லாரும் தொட்டியைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். வாங்கியவர் அங்கே நிற்பதில்லை, கூட்டம் தள்ள, நடந்துகொண்டே சாப்பிடுகிறார். முப்பது நாற்பது அடி வைப்பதற்குள் சாதம் தீர்ந்துவிடும், தட்டு அங்கேதான் விழும். அடுத்த நாள் பாருங்கள், பந்தல் வாசல் சுத்தமாக இருக்கும், நாலு வீடு தள்ளித்தான் குவியல். முதல் தொட்டியை அந்த இடத்தில் வையுங்கள், இரண்டாவதை இன்னும் கொஞ்சம் தள்ளி. ஈரக் குப்பைக்கு ஒன்று, உலர்ந்ததற்கு ஒன்று. எட்டுப் பேரில் இருவருக்குத் தொட்டி மட்டுமே வேலை. அந்த வேலைக்கு யாரும் முன்வர மாட்டார்கள், முதலிலேயே பெயர் எழுதிவிடுங்கள்.

பாத்திர விஷயம்: 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையான பதினான்கு பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் காகிதக் கப்பும் உண்டு. தண்ணீர்ப் பாக்கெட்டும் உண்டு. “பேப்பர் கப்தானே” என்று கடைக்காரர் சொல்வார். உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் அதுவும் தடைதான். இலைத் தொன்னை அல்லது பாக்கு மட்டை வாங்குங்கள். அறுபத்து மூவருக்குக் கட்டும் சின்ன பிளாஸ்டிக் கொடிகளும் பட்டியலில் இருக்கின்றன.

போரூர்: அறுபத்து மூவர் எந்தத் தேதி சார்?

மேலே ஆவடிக்குச் சொன்னது.

பள்ளிக்கரணை: எங்கள் குடியிருப்பில் ரத்ததான முகாம் நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் நீங்களாக நடத்த முடியாது. உரிமம் பெற்ற ரத்த மையம்தான் டாக்டர், நர்ஸ், படுக்கை எல்லாவற்றோடும் வரும். உங்கள் வேலை காற்றோட்டமான கூடம், தடையில்லா மின்சாரம், கை கழுவும் இடம், பழச்சாறு, பிஸ்கட். கொடுக்கிறவருக்கு வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி, பெண்களுக்கு நான்கு மாதம். பச்சை குத்தியவர்கள் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுவதுதான் முகாமில் அதிகம் நடப்பது, ஆகவே அழைப்பிதழிலேயே “சாப்பிட்டுவிட்டு வரவும்” என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். தலைவர் பிறந்தநாளுக்கு எல்லாரும் ஒரே வாரத்தில் முகாம் போடுகிறார்கள். உங்களால் முடிந்தால் ஏப்ரல், மே மாதத்தில் வையுங்கள். கல்லூரி விடுமுறையில்தான் தட்டுப்பாடு.

கே.கே.நகர்: அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுத்தால் வரி விலக்கு உண்டா?

பொருளாகக் கொடுத்தால் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம், அதுவும் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு. புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகையே இல்லை. மேற்கொண்டு ஆடிட்டரைக் கேளுங்கள்.

திருவொற்றியூர்: பொங்கலுக்கு இலவசமாக என்ன பார்க்கலாம்? குழந்தைகள் இருக்கிறார்கள்.

சென்னை சங்கமம். 2007இல் தொடங்கி, நின்று, 2023இல் மறுபடி வந்தது. பல மைதானங்களிலும் பூங்காக்களிலும் சாயங்காலம் பறை, கரகம், ஒயில், தெருக்கூத்து. குழந்தைகளோடு முன்வரிசையில் உட்கார வேண்டுமென்றால் இருட்டுமுன் போங்கள். இடங்களின் பட்டியல் சில நாள் முன்னால்தான் வரும்.

நங்கநல்லூர்: மார்ச் 23 அறுபத்து மூவர் என்று ஒரு போஸ்டர் வந்திருக்கிறதே?

2024 போஸ்டர். அதை அனுப்பியவருக்கும் சொல்லுங்கள்.

முகப்பேர்: அம்மாவுக்கு 78 வயது. ஊர்வலம் பார்க்க வேண்டும் என்கிறார். எங்கே நிற்பது?

மாட வீதிகளின் மூலைகளில் நிற்காதீர்கள். பல்லக்கு திரும்பும்போது கூட்டம் பின்னால் தள்ளும். நீண்ட வீதியின் நடுப்பகுதியில், படி உயர்ந்த வீட்டுத் திண்ணையோ கடை வாசலோ கேட்டு முன்பே உட்கார வையுங்கள். பெரிய உற்சவரைப் பார்த்ததும் கூட்டம் நகர்ந்துவிடும், நாயன்மார் பல்லக்குகளை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்க்கலாம். அம்மாவுக்கு அதிக நெரிசல் பயம் என்றால் மூன்றாம் நாள் அதிகார நந்திக்கு விடியற்காலையில் கூட்டி வாருங்கள். வெயிலும் இல்லை, நெரிசலும் குறைவு.

வளசரவாக்கம்: பந்தலில் ஒலிபெருக்கி எத்தனை மணி வரை?

இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் பகலிலும் கூடாது.

மந்தைவெளி நண்பர்கள்: நீர்மோரும் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். அளவு சொல்லுங்கள் அண்ணா.

1 லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர், 150 மில்லி டம்ளரில் முப்பதுக்கு மேல் வரும். 500 பேருக்கு 16, 17 லிட்டர் தயிர். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பை அரைத்து வடிகட்டிய சாறாகச் சேருங்கள். நறுக்கிப் போட்டால் பாத்திரத்தின் அடியில் இருப்பதை வாங்குகிறவருக்கு மிளகாய் மட்டும் போகும். தண்ணீர் கேன் தண்ணீராக இருக்கட்டும். பாளம் பாளமாக வாங்கும் ஐஸை மோருக்குள் உடைத்துப் போடாதீர்கள், அது மீனுக்கும் கூலருக்கும் செய்த ஐஸ். ஐஸை வெளித் தொட்டியில் நிரப்பி அதற்குள் மோர்ப் பாத்திரத்தை இறக்கி வையுங்கள். எவர்சில்வர் டம்ளர் நூறு, கழுவ இரண்டு வாளி, ஓர் ஆள். கப் வாங்கும் செலவே இல்லை.