ஹப் நிறைய கிரீஸ் அடைத்தால் தண்ணீர் புகாதா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அடிக்கடி ஓடைகளைக் கடக்கிறேன். முன்சக்கர பேரிங் ஊளையிட ஆரம்பித்ததால் மாற்றியாயிற்று. கழற்றியபோது கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. இனி ஹப் (சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காரும் பகுதி) நிறைய கிரீஸை அடைத்துவிட்டால் தண்ணீர் புகாதுதானே?"

புகும். வெளுத்த கிரீஸ் என்றால் தண்ணீர் கலந்துவிட்டது என்று நீங்கள் கண்டுகொண்டது சரி. ஆனால் அளவுக்கு மீறி அடைத்த கிரீஸை பேரிங்கின் உருளைகளான ரோலர்கள் கடைந்துகொண்டே இருக்கும், சூடு ஏறும். இளகிய கிரீஸ் ஆயில் சீலைத் (கிரீஸை உள்ளே நிறுத்தி, தண்ணீரை வெளியே தடுக்கும் ரப்பர் வளையம்) தாண்டி பிரேக்கில் வழிந்தால் அது வேறு தலைவலி. ரோலர்களுக்கு இடையே நன்றாக ஏற்றி, ஹப்பின் உள்சுவரில் ஒரு பூச்சு பூசினால் போதும்.

தண்ணீரை உள்ளே இழுப்பது பெரும்பாலும் சூடுதான். நீண்ட ஓட்டத்திலும் பிரேக் பிடித்தும் சூடான ஹப், குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. அழுத்தம் குறைந்ததும் ஆயில் சீலின் உதட்டோரமாகத் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. அதனால் கரையிலேயே நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். இவ்வளவு எளிதான காரியத்தைத்தான் யாரும் செய்வதில்லை!

அடுத்தது சீல். ஹப்பைத் திறக்கும்போதெல்லாம் புதிது போடுங்கள். பழையதைத் துடைத்து மாட்டுவது வீண் சிக்கனம். போடுவதற்கு முன் ஸ்பிண்டிலில் (ஹப் சுழலும் அச்சு) சீல் உரசும் இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் சிக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது, புது சீலும் அங்கே கசியும். மெல்லிய ஸ்லீவ் (உறை) ஏற்றியோ ஸ்பிண்டிலை மாற்றியோதான் சரிசெய்ய முடியும். சீல் உதட்டில் கிரீஸ் தடவிய பிறகே மாட்ட வேண்டும். லாக்கிங் ஹப் (முன்சக்கரத்தை டிரைவோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவுவது) இருந்தால் அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் பாருங்கள்.

கிரீஸில் கால்சியம் சல்ஃபோனேட் வகை தண்ணீரை நன்றாகத் தாங்கும். வீல் பேரிங்குக்கு உரியதா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். பழையதை முழுக்கக் கழுவிவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். ஒத்துப்போகாத இரண்டு வகைகள் கலந்தால் இளகி ஓடிவிடும்.

தண்ணீர் புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் வண்டியை அப்படியே நிறுத்தி வைக்காதீர்கள். நிற்கும் வண்டியில் ரோலர்கள் ரேஸைத் (அவை உருளும் உலோக வளையம்) தொடும் கோடுகளில் துரு பிடிக்கும், ஊளை பிறப்பது அங்கேதான். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டி, தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறுகையை காயில் ஸ்பிரிங் மேல் வையுங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்பும் விரலுக்குத் தெரிந்துவிடும். கரகரத்தால் உடனே திறந்துவிடுங்கள்.

இதெல்லாம் கழற்றி கிரீஸ் மாற்றக்கூடிய பேரிங்குக்கு. முழுக்க மூடிய யூனிட் பேரிங் என்றால் கெட்டதும் மாற்றுவதுதான் வழி. ஆறவிட்டு இறங்குவதும், பிரஷர் வாஷரைச் சீலுக்கு நேராகப் பிடிக்காமல் இருப்பதும் இரண்டுக்கும் பொது.